மிதி என்றால் நிற்பதா, ஓடுவதா?

ஃபேரர் பார்க்,
சிங்கப்பூர்,
12-3-1959

அன்பு மகன் சேதுபதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் தங்கை லீலாவும் சுகமாகவே இருக்கிறோம், சென்னை வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் என் கவலை. உன் கடிதம் வந்து நாளாகிறது. ஆத்திரம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன், அது அடங்குகிற வழியாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

அம்மாவைச் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லுங்கள், இந்த வயதில் இது எதற்கு, என் சிநேகிதர்களுக்குத் தெரிந்தால் வெட்கம் என்று அப்பாவுக்கு எழுதியிருக்கிறாய். எந்த வயதில்? இன்டர்மீடியட் முடித்த கையோடு கல்யாணம், மறு வருஷம் நீ, எனக்கு இன்னும் நாற்பதுகூட ஆகவில்லை. படித்த பிள்ளை, என்னைப் பற்றிய சேதியை எனக்கு எழுதாமல் அவருக்கு எழுதுகிறாய், அவரும் அதைச் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாகப் படிக்கிறார். நான் பரிமாறிக்கொண்டு நிற்கிறேன்.

கச்சாங் பூத்தே விற்கிறவரின் கடலை வண்டியில் நான் மோதியதை அவர் உனக்கு வேடிக்கையாக எழுதியிருப்பார். ஏன் மோதினேன் என்று எழுதினாரா? மருந்துக் கம்பெனி வேன் ஓட்டி ஓட்டி அவருக்கு மிதி என்றால் பிரேக்கைத்தான் மிதிக்க வேண்டும். திடலில் எனக்குச் சைக்கிள் சொல்லித் தருகிறார், நான் நேரே கடலை வண்டியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து மிதி, மிதி என்று கத்துகிறார். சைக்கிளில் மிதித்தால் என்ன ஆகும்? மிதித்தேன். கடலையும் பட்டாணியும் புல்லெல்லாம் சிதற, முழங்கை தோலுரிந்து கிடக்கிறேன். கடலைக்காரர், வேணும்னா நின்னு கேக்கலாம்லா அம்மா, எதுக்கு இவ்வளவு அவசரம் என்கிறார். அதற்கு உன் அப்பா சிரிக்கிறார். பக்கத்து வீட்டு உம்மு சல்மாதான் ஓடி வந்து தூக்கிவிட்டு, ஏன் அண்ணே, பொண்டாட்டியக் கொல்லணும்னா வேற வழியே தெரியலயா என்று கேட்டாள். அதன் பிறகுதான் அவர் வந்து சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார்.

நான் பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஏறவில்லை, சேது. சுவா சூ காங்கில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கான சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. பஸ் பெரிய சாலையோடு நின்றுவிடும், உள்ளே நீளச் செம்மண் பாதை, நடந்தால் முதல் மணிக்குப் போய்ச் சேர முடியாது. சைக்கிளைப் பஸ் நிற்கிற இடத்துக் கடையிலேயே விட்டுவைக்கலாம், ஓட்டத் தெரியுமா என்று தலைமையாசிரியர் அழகப்பன் கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். தெரியாது என்றால் வேலை வேறொருவருக்குப் போய்விடும்.

உன் அப்பா சொல்லித் தந்ததெல்லாம் ஓடிப்போய்க் காலைத் தூக்கிப் போடுகிற ஆண்பிள்ளை வித்தை. சேலை கட்டியவள் எப்படித் தூக்குவது? அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, லீலா பின்னால் பிடித்துக்கொள்ள நானே கண்டுபிடித்தேன். பெண்கள் சைக்கிள், நடுவில் கம்பி கிடையாது; வலது பெடலை மேலே தூக்கி நிறுத்தி, அதில் காலை வைத்து அழுத்தினால் சைக்கிள் தானே கிளம்புகிறது, அந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிடலாம். நிற்க வேண்டுமா, மிதிப்பதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் பிரேக்கை மெல்லப் பிடிக்க வேண்டும், வெடுக்கென்று பிடித்தால் நாம் முன்னால் போய் விழுவோம். நின்ற பிறகு இடது காலை ஊன்ற வேண்டும். இவ்வளவுதான். இதை ஒரு மனுஷர் பொறுமையாகச் சொல்லியிருந்தால் என் முழங்கை பிழைத்திருக்கும்.

போன சனிக்கிழமை அந்தச் செம்மண் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். வளைவில் அன்னாசி லாரி ஒன்று எதிரே வந்தது. பயந்துதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கை தானாகப் பிடித்தது, கால் தானாக ஊன்றியது, லாரி போனதும் மறுபடி கிளம்பினேன். பள்ளிக்கூட வாசலில் துள்ளாமல் நின்று இறங்கினேன், அழகப்பன் சார் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன். இதை உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். உன் சிநேகிதர்களிடம் நீயே சொல், சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

நீ நோய்நொடியில்லாமல் படித்து நல்லபடியாக வர வேண்டும், என் கோபம் உன்னை ஒன்றும் செய்யாது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி, இருமல் நின்றதா என்று எழுது. எழுதுவதை எனக்கே எழுது, உறைமேல் என் பெயரைப் போட்டு.

ஆசிகளுடன்,
உன் அம்மா
சந்திரமதி