தூக்கிச் சாத்து

மார்ச் 4
பத்திரப் பதிவு முடிந்தது. நாற்பத்தோரு வருஷத்துக்கு முன் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு, இன்று என் பெயரில். அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "ஒரு கதவுக்காக வீடு வாங்கினவ நீ ஒருத்திதான்" என்றான். சொல்லிக்கொள்ளட்டும்.

அந்த வாசல் கதவு தொங்கிப்போன கதவு. பிடியைத் தூக்கிச் சாத்தினால்தான் தாழ் விழும். யார் வெளியே போனாலும் அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: "தூக்கிச் சாத்து."

மார்ச் 7
குடியிருப்பவர்களைப் பார்த்தேன். மனைவி தையல்காரி. அப்பாவின் நாற்காலி இருந்த இடத்தில் அவள் மிஷின். கணவர் பஸ் டிரைவர், டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "தூக்கிச் சாத்துங்க."

காலி பண்ணச் சொல்லத்தான் போனேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மார்ச் 8
அசடு. சரியான அசடு.

மார்ச் 15
நோட்டீஸ் டைப் அடித்தாயிற்று. மூன்று மாதம் அவகாசம். என் வீட்டில் நான் இருக்கப் போகிறேன் – இதில் என்ன தப்பு?

அன்றைக்கு வீட்டை வாங்கியவரும் அப்பாவிடம் இதையேதான் சொன்னார். கிளம்பும் நாளில், காலி வீட்டின் கதவைத் தூக்கித்தான் சாத்தினார். பிடியை விடாமல் நின்றார். "வாங்க, வண்டி நிக்குது" என்றாள் அம்மா.

மார்ச் 22
நோட்டீஸோடு போனேன். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. புதுக் கீல்.

"தச்சரைக் கூப்பிட்டுச் சரி பண்ணிட்டோம்க்கா" என்றாள் தையல்காரி. "இனிமே உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. வீட்ட நல்லா வெச்சுப்போம்."

அடிப்பாவி, யாரு உன்னக் கேட்டா? நான் வாங்கினதே அதத்தானே – இதெல்லாம் மனசுக்குள். "நல்லா இருக்கு" என்றேன். என்மேல் உள்ள பயத்தில் செய்திருக்கிறார்கள். அதுதான் அதிகம் வலித்தது.

கிளம்பும்போது என் கை தானாகப் பிடியைத் தூக்கியது.

"தூக்க வேண்டாம்க்கா" என்று சிரித்தாள். "எங்களுக்கும் இன்னும் கை கேக்க மாட்டேங்குது."

நானும் சிரித்துவிட்டேன். நோட்டீஸைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

மார்ச் 29
நான் இருக்கும் இந்த வாடகை வீட்டு ஜன்னல்களுக்கு இத்தனை வருஷமாகத் திரை இல்லை. அவளிடம் தைக்கக் கொடுக்கலாம். அளவு எழுதக் காகிதம் தேடினேன். பையில் நோட்டீஸ் இருந்தது, பின்பக்கம் காலி. நாலடி உயரம், மூன்றடி அகலம். இரண்டு ஜன்னல்.