சோதனை ஓட்டத்துக்கு ஒரு கையெழுத்து

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி, பயிற்சி என்ற பெயரில் அவர்கள் உன்னைப் போட்டுச் சுற்றுகிற சுற்றிலும் தலை கிறுகிறுக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மா இன்னும் அந்தப் பல் ஆஸ்பத்திரியில்தான் சீட்டு எழுதிக் கொடுக்கிறாள், கன்னம் வீங்கி வருகிறவர்களிடமெல்லாம் என் பொண்ணு விண்வெளிக்குப் போகப் போறா என்று சொல்லிவிடுகிறாள், பாவம் அவர்களால் வாயைத் திறந்து ஒன்றும் கேட்க முடிவதில்லை. நீ அனுப்பிய பத்துப் பக்கத் தாள் மூன்று வாரமாக ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. ஆபத்தையெல்லாம் படித்துப் புரிந்துகொண்டேன் என்று வீட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அது அப்பாவாக இருக்கட்டும் என்று எழுதியிருந்தாய். நீ போனில் கேட்டபோதெல்லாம் கண்ணாடி உடைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்றேன். கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை மகளே, எனக்குத்தான் மனசு வரவில்லை.

முப்பத்தோரு வருஷம் அரசு பஸ் டெப்போவில் பிரேக் பார்த்தவன் நான், தனியார் பஸ் என்றாலே எனக்கு ஆகாது என்பது உனக்குத் தெரியும். முன்னால் போகிற வண்டியை முந்தி நாலு ஆள் அதிகம் ஏற்ற வேண்டும் என்பதற்காகத் தேய்ந்த பிரேக் லைனிங்கோடு வண்டி ஓட்டியவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரோட்டிலேயே இந்த லட்சணம் என்றால் வானத்தில் கேட்கவா வேண்டும். அரசாங்கம் அனுப்பினால் ஒரு தைரியம் இருந்திருக்கும், இது யாரோ ஒரு முதலாளி லாபத்துக்கு ஓட்டுகிற வண்டி, அதுவும் ஆளை ஏற்றிக்கொண்டு போகிற முதல் நடை, அதில் என் பெண்ணா என்று, பிடித்த முயலுக்கு மூன்றே கால் என நின்றேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தடுக்கிறதா இருந்தா நேரா சொல்லித் தடுங்க, இல்லைன்னா கையெழுத்தைப் போட்டுத் தொலைங்க, இந்த ரெண்டுங்கெட்டான் வேலை வேண்டாம் என்று சொல்லி, இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்போதுதான் உன் கம்பெனி, நீ முன்பு வேலை பார்த்த தொழிற்சாலைக்குக் குடும்பத்தாரையெல்லாம் கூப்பிட்டது. போன புதன்கிழமை போனோம். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன், மறைக்க மாட்டேன். கண்ணாடி போட்ட ஒரு பொறியாளர் பெண் எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கொட்டகைக்குள் ராக்கெட்டின் அடிப்பாகத்தைப் படுக்க வைத்திருந்தார்கள், ஒரு முனையில் நின்றால் மறு முனையில் நிற்கிற ஆள் பொம்மை மாதிரி தெரிகிறான். உடம்பெல்லாம் கரி. இது பதினோரு தடவை மேலே போய்த் தானாகவே திரும்பி வந்து நின்றது, பன்னிரண்டாவது நடைக்குத் துடைக்கிறோம் என்றாள். போய்விட்டு டெப்போவுக்குத் திரும்பி வருகிற ராக்கெட்! ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா, குனிந்து நட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நட்டையும் உடம்பையும் சேர்த்து மெல்லிசாக ஒரு மஞ்சள் கோடு. நாங்களும் முடுக்கி முடித்ததும் இதே கோட்டைத்தான் போடுவோம், நட்டு நெகிழ்ந்தால் கோடு பிசகிக் காட்டிக்கொடுத்துவிடும். அவ்வளவு பெரிய வித்தைக்கு நடுவில் என் கைவேலையைப் பார்த்ததும், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு மூன்று கிலோமீட்டர் தள்ளி நிற்க வைத்து, தரையில் பூட்டிய ஒரு எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள். முதலில் வெளிச்சம் மட்டும்தான் வந்தது. ஒன்பது எண்ணுவதற்குள் சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது பார், சட்டைப் பொத்தான் அதிர்ந்தது, அம்மா அத்தனை பேர் முன்னால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மனுஷன் செய்ததா இது என்று பிரமை பிடித்து நின்றேன். இன்னும் சில வருஷத்தில் கால அட்டவணை போட்டு ஆட்களை ஏற்றிப் போவோம் என்று அந்தப் பெண் சொன்னதும், ஜன்னல் சீட்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணுமா என்று அம்மா கேட்டாள். நான் மட்டும் விடவில்லை. இதைப் பூட்டினவங்க யாராவது இதுல ஏறிப் போறாங்களா என்று கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். ஆள் ஏறுகிற கதவைப் பூட்டிச் சோதித்த குழுவுக்கு உங்கள் பெண்தான் தலைமை, முதல் நடைக்கு யார் போவது என்ற பேச்சு வந்தபோது அவளே எழுந்து நின்றாள் என்றாள். நீ சொன்னதை அப்படியே சொன்னாள்.

"பூட்டினவங்கதான் முதல்ல ஏறணும். எங்க அப்பா டெப்போல அதுதான் வழக்கம்."

உன்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றுதானே எங்களிடம் சொன்னாய், நீயாகக் கேட்டு வாங்கியது எனக்கு எப்படித் தெரியும். ரயிலில் திரும்பி வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். பிரேக் பிரித்துப் பூட்டின வண்டியில் பூட்டினவனே முதலில் ஏறி இறக்கத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும், அது எங்கள் வழக்கம்தான், ஒரு நாளும் தவறியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு நீ டெப்போவுக்கு வந்து நிற்பாய், ஏழு வயது உனக்கு. உன்னையும் எஞ்சின் பக்கத்துச் சீட்டில் உட்கார வைத்து அந்த இறக்கத்தில் இறங்கியிருக்கிறேன், நீ கையைத் தட்டிச் சிரிப்பாய். பிரேக் பிடிக்கும் என்று என் கைக்குத் தெரியும், அவ்வளவுதான். அன்றைக்கு நான் உன் அம்மாவிடம் எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்கவில்லை. இப்போது உன் கைக்குத் தெரிந்ததை நம்ப மாட்டேன் என்று நான் எந்த வாயால் சொல்வது. பயம் போகவில்லை, அது போகாது. ஆனால் என் மகளை நினைத்தால் அந்த எஞ்சினைப் பார்த்ததைவிட மலைப்பாக இருக்கிறது.

கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். யார் சரிபார்த்திருந்தாலும் ஏறுவதற்கு முன் அந்தக் கதவை நீ ஒரு தடவை கையால் தடவிப் பார்த்துக்கொள். போன இடத்தில் எல்லாம் நல்லபடியாக அமைந்து, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்பதாம் பக்கத்தில், திரும்பி வர முடியாமல் போனால் உன் சாமான்களை யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே மட்டும் எனக்குக் கை ஓடவில்லை. அம்மா பேனாவைப் பிடுங்கி, அவளே வந்து எடுத்துக்குவா என்று எழுதிவிட்டாள். கம்பெனியில் கேட்டால் அம்மாவிடம் பேசச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா