சென்னம்மாவின் மருந்துக் கவர்

ஓசூர்,
10.2.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். காலையிலிருந்து போன் செய்கிறேன், கடையில் கூட்டம் என்று வைத்துவிடுகிறீர்கள். ஸ்டாக் வேன் மணி அண்ணன் கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கல்லாவை விட்டு உள்ளே போய்ப் படியுங்கள்.

எம்.ஃபார்ம் வகுப்பில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். ஒரு மருந்துக்கடையில் டாக்டர் எழுதிய சீட்டும், கடையில் கொடுத்த மருந்தும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். போன மாதக் கடைசியில் வந்தபோது நம் கடைச் சீட்டுகளை, பக்கத்தில் மருந்துக் கவரையும் வைத்து, போட்டோ எடுத்தேன் அல்லவா, அதற்குத்தான். அன்றைக்கு எடுத்தேனே தவிர எதையும் படிக்கவில்லை. இன்றுதான் உட்கார்ந்து படித்தேன்.

வேப்பனப்பள்ளி சென்னம்மாவுக்கு மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்கிறார்கள். புதன்கிழமை மட்டும், வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் ஆங்கிலத்தில் தெளிவாகப் போட்டிருக்கிறார். பக்கத்தில் இருக்கிற நம் கவரில் நீங்கள் காலைச் சூரியனை வரைந்திருக்கிறீர்கள். தினமும் காலையில் ஒன்று என்றுதான் அந்த அம்மா எடுத்துக்கொள்வார்.

தமிழோ தெலுங்கோ கன்னடமோ படிக்கத் தெரியாதவர்களுக்காக நீங்கள் கண்டுபிடித்த வழி அது. காலைக்குச் சூரியன், மதியத்துக்கு வட்டம், இரவுக்குப் பிறை. வாரத்துக்கு ஒன்று என்பதற்கு அதில் படமே இல்லையே அத்தா. இந்த மாத்திரையைத் தினமும் தின்றால் உடம்பில் ரத்தம் ஊறுவதே நின்றுபோகும். உயிருக்கே ஆபத்து. அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று உடனே விசாரியுங்கள்.

உங்கள் மகள்,
அதியா


கிருஷ்ணகிரி,
10.2.2025

அன்பு மகள் அதியாவுக்கு அத்தா எழுதுவது.

வ அலைக்கும் ஸலாம். முதலில் ஒன்று சொல்கிறேன். இதைப் போனில் பேசாதே. போன் எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளும், காகிதமென்றால் கிழித்துப் போடலாம். உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இதை நீயும் கிழி.

உண்மையைச் சொன்னால், படித்ததும் சிரித்தேன். மொத்த வியாபார மருந்துக்கடைக்குச் சைக்கிளில் பெட்டி சுமந்து இந்தக் கடையைப் பிடித்தவன் நான். எனக்கே பாடமா என்று நினைத்தேன். பிறகுதான் சென்னம்மா போன வாரம் வந்தது ஞாபகம் வந்தது. வாயெல்லாம் புண், கஞ்சிகூட இறங்கவில்லை என்றாள். உடம்புச் சூடு என்று சொல்லி, தடவ ஜெல்லும் சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினேன். அது ஞாபகம் வந்ததிலிருந்து எனக்கும் சோறு இறங்கவில்லை.

நாளைக்கு மருந்துக் கம்பெனி ஆட்கள் வருகிறார்கள், கடையை விட முடியாது. மறுநாள் போய்ப் பார்க்கிறேன். நீ அந்தச் சீட்டை மட்டும் எடுத்துவிட்டு, சர்க்கரை நோய்ச் சீட்டு எதையாவது வை. சுவரில் தொங்குவது உன் பார்மசிஸ்ட் சர்டிபிகேட், கண்ணு, அதை வைத்துத்தான் கடைக்கு லைசென்ஸ். நீ அங்கே படிக்கிறாய், இங்கே கடையில் நிற்பதாகவும் காகிதம் சொல்கிறது. ஒன்றை இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

அம்மா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்திருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

அத்தா,
ரசூல்


ஓசூர்,
11.2.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

வாய்ப்புண்தான் அடையாளம். எங்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கம்பெனி ஆட்கள் காத்திருக்கட்டும். மணி அண்ணன் இதைக் கொடுத்ததும் கிளம்புங்கள், இல்லையென்றால் நானே பஸ் ஏறுவேன்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். மீதி மாத்திரைப் பட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அந்த அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தினமும் தின்றார் என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த விஷத்தை முறிக்க ஊசி உண்டு, ஆனால் தாமதித்தால் பலிக்காது. மருந்து இன்னதென்று யாராவது சொன்னால்தானே அந்த ஊசியைப் போடுவார்கள்? இதை மட்டும் மறைக்காதீர்கள்.

அதியா


கிருஷ்ணகிரி, ஆஸ்பத்திரி,
11.2.2025

அதியா,

நீ சொன்னபடி போனேன். சென்னம்மா பாயில் சுருண்டு கிடந்தாள், உடம்பு அனலாகக் கொதித்தது. அவள் மருமகள் மாதேஸ்வரிதான் கவரை எடுத்துக் காட்டினாள். "உங்க கடைச் சூரியன்னா எங்க அத்தை நிஜ சூரியன் எழும்பறதுக்கு முன்னாடியே முழுங்கிடுவாங்க பாய்" என்று பெருமையாகச் சொல்கிறாள். ஒருநாள்கூடத் தவறவில்லையாம். தவறியிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

காரில் போட்டுக்கொண்டு வந்து சேர்த்துவிட்டேன். டாக்டர் சின்னப் பையன். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று என்னைத்தான் கேட்டான். பட்டை என் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது. தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். மாதேஸ்வரிக்கும் பெயர் தெரியாது. காய்ச்சல் என்று பாட்டில் ஏற்றியிருக்கிறார்கள்.

என்னைத் திட்டாதே. வாயைத் திறக்கப் போனேன், கடைச் சுவரில் சர்டிபிகேட்டில் இருக்கிற உன் போட்டோ கண்முன் வந்து நின்றது. கடை போனால் போகட்டும், நாளைக்கே வேறு வியாபாரம் பார்ப்பேன். உன் பெயர் போனால் எங்கே போய் வாங்குவேன்? மணி கிளம்புகிறான். என்ன செய்வதென்று எழுது.

அத்தா


ஓசூர்,
11.2.2025

அத்தா,

எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை என்று போன் செய்துவிட்டேன். உங்களுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்கு. வார்டு டாக்டரிடம் மருந்தின் பெயரையும் கவரில் போட்டிருந்ததையும் சொன்னேன். யார் பேசுவது என்று கேட்டார். அந்தக் கடையின் பார்மசிஸ்ட் என்றேன். கடையில் இல்லாத பார்மசிஸ்ட் என்றும் சொன்னேன். ஊசிக்கு அப்போதே ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் போனை வைத்தார்.

அந்தச் சீட்டை நான் எடுக்கவில்லை. போட்டோவோடு எங்கள் வகுப்பு மேடத்திடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு என்னைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். இனி எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் பட்டையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலருகே நின்றதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது.

அதியா


கிருஷ்ணகிரி,
19.2.2025

அன்பு மகள் அதியாவுக்கு அத்தா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். இல்லை என்று எழுதினால் பொய். நீ போன் செய்த அன்று நர்ஸ் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பட்டையை எடுத்துக் கொடுத்தபோது அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பெற்ற பெண்ணே என் கழுத்தை அறுத்தாள் என்று உன் அம்மாவிடம் கத்தினேன். அவள், அறுத்தது யார் என்று யோசித்துப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஊசி பிடித்திருக்கிறது. ரத்த அணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டன, ஆனால் இன்னும் ஒரு வாரம் போனால்தான் பயமில்லை என்று சொல்ல முடியுமாம். ஒவ்வொரு நாளும் ரத்தம் எடுக்க வரும்போது நான் வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

டிரக்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து கடையைப் பூட்டிவிட்டார். நீ கடையில் இருந்தாயா என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். இல்லையென்றால் பெயரை மட்டும் மாட்டிய குற்றம், இருந்தாய் என்றால் கவரில் தப்பாகப் போட்டுக் கொடுத்தாய் என்று அதைவிடப் பெரிய குற்றம். இல்லை, படம் போட்டது என் கை, பெண் பெயரை மாட்டியதும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். உள்ளதைச் சொல்.

நான் இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. இன்று சென்னம்மாவின் மகன் மாதேஷ் கம்பெனியில் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். வார்டில் எல்லோர் முன்னாலும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க அன்னிக்கு வீட்டுக்கு வரலன்னா எங்கம்மாவ பாத்திருக்க மாட்டோம் பாய்" என்று அழுதான். சென்னம்மா படுத்தபடியே தெலுங்கில், டாக்டர் பழைய மாத்திரையை நிறுத்திவிட்டார், மூட்டு வலிக்கிறது, நீயே வேறு நல்லதாகப் பார்த்துக் கொடு என்கிறாள். எதனால் இப்படி ஆனது என்று அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் சொல்லியிருப்பேன் என்று டாக்டர் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

கையை விடுவித்துக்கொண்டு வந்துவிட்டேன். இன்ஸ்பெக்டரிடம்கூட இவ்வளவு பயப்படவில்லை, கண்ணு. தெலுங்கில் சொல்ல எனக்கு வார்த்தை இருக்கிறது. தனியாகச் சொல்லத்தான் தெம்பில்லை. வெள்ளிக்கிழமை காலை வா. நீ பக்கத்தில் நின்றால் போதும், நானே சொல்கிறேன்.

அத்தா,
ரசூல்