முருங்கை மரத்தடி முட்டைகள்

அன்பு மகன் தமிழ்செல்வனுக்கு,

கீரமங்கலத்திலிருந்து அம்மா சொர்ணவல்லி எழுதுவது. நாங்கள் நலம். போன் போட்டால், "வேலையில இருக்கேன், பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் மஸ்கட் திரும்பும் உன் கூட்டாளி நல்லதம்பியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மனைவி பிரகதீஸ்வரி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. பொங்கல் லீவுக்குக் காலேஜிலிருந்து குஞ்சு பொரிக்கும் பெட்டியைத் தூக்கி வந்தாள். ஆராய்ச்சியாம். கோழி வளர்க்கும் பிச்சையம்மாளிடம் அடைக்கு வைக்கிற முட்டையாகப் பார்த்து வாங்கி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருநாள் முருங்கை மரத்தடியை நாய் தோண்டிப்போட, உள்ளே முட்டைகள்! ஒவ்வொன்றிலும் வட்டமாக ஓட்டை, மேலே டேப், மையில் ஏதோ எழுத்து. செய்வினை உனக்கா, எனக்கா என்றுதான் தெரியவில்லை. அவள் சரியாகச் சாப்பிடாததையும் அதற்கான விரதக் கணக்கில் சேர்த்தேன். பெட்டி படுக்கையோடு அனுப்பிவிடலாம் என்று அவள் அப்பாவை வரச் சொல்லிவிட்டேன்.

அவர் வருவதற்குள் அவளையே கேட்டேன். குஞ்சு உருவாகும்போது முதுகுத்தண்டில் நரம்புசெல்கள் தேவைக்கு மேலேயே பிறக்குமாம். அவை இழை நீட்டிக் காலைத் தேடிப் போகுமாம். காலின் தசையிலிருந்து ஏதோ ஒரு பொருள் வருமாம். அது கிடைத்த செல் பிழைக்குமாம், கிடைக்காதது செத்துப்போகுமாம். இவள், குஞ்சுக்குக் கால் முளைக்குமுன்பே ஓட்டை வழியாக அந்த இடத்தை வெட்டிவிட்டு, அந்தப் பொருளைத் தானே கொடுத்துப் பார்க்கிறாளாம்.

"யாரும் கொல்றதில்ல அத்தை. அங்கிட்டிருந்து ஒண்ணும் வரலைன்னா, அதுவே தன்னை முடிச்சுக்கும்" என்றாள். பிறகு போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள்.

நான் லேசில் நம்புகிறவளா? புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப்போய் அவளுடைய புரொபசர் ஷீபாவிடமே கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார். வேலை முடிந்த முட்டையைப் புதைத்தது, நான் பார்த்தால் பயப்படுவேன் என்றுதானாம்!

அந்தச் சந்தேகம் தீர்ந்தது. இப்போது உன் மேல்தான் சந்தேகம். தீபாவளிக்குப் பிறகு நீ அவளிடம் பேசவே இல்லை என்பதைத் துருவிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவள் இருந்தது விரதமில்லை, சோறு இறங்கவில்லை. நல்லதம்பியை விசாரித்தால், "நல்லாத்தான் இருக்கான் சித்தி" என்று தரையைப் பார்த்துச் சொல்கிறான். அங்கே உனக்கு வேறு யாராவது இருக்கிறார்களா? இருந்தால் என்னிடமாவது மறைக்காதே.

அவள் அப்பா வந்தார். சும்மா பார்க்கத்தான் கூப்பிட்டேன் என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். லீவு முடிந்து பெட்டியைக் காலேஜுக்குக் கொண்டுபோய்விட்டாள். ஆனால் நேற்று தன் துணிகளையெல்லாம் மடித்துப் பையில் வைத்திருக்கிறாள். எதற்கென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எனக்குப் போன் போட வேண்டாமப்பா. அவளுக்குப் போடு. பேச்சு வராவிட்டால், சாப்பிட்டாயா என்றாவது கேள். அவள் போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறாள்.

இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிடும்,
உன் அம்மா
சொர்ணவல்லி