ரம்பத்தின் தடைச் சாவி குறித்து

அனுப்புநர்:
மேசை ரம்பத் தடைக்கான காப்புரிமையைத் தற்போது வைத்திருப்பவர்,
மரப்பட்டறை, ரயில் பாதைக்குப் பின்தெரு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
மின்கருவிகள் பாதுகாப்புத் துறை.

பொருள்: மேசை ரம்பங்களில் தானியங்கித் தடையைக் கட்டாயமாக்கும் வரைவு விதியைக் கைவிட வேண்டாம் எனவும், அதில் ஒரு பிரிவைச் சேர்க்குமாறும் கோருவது.

பார்வை: மேற்படி விதிக்கு ரம்பத் தயாரிப்பாளர் சங்கம் கொடுத்துள்ள ஆட்சேபணைக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஐந்திலும் முதல் மாணவி. ஆகவே இந்த மனுவை எழுத நான் யாரையும் தேடிப் போகவில்லை. எங்கள் பட்டறைக் கடிதங்களை இதுவரை என் பேத்திதான் எழுதி வந்தாள். அவள் எழுத்து அச்சடித்ததுபோல் இருக்கும். நான்கு மாதமாக அவளால் பேனா பிடிக்க முடியவில்லை.

2. மேற்படி தடையைக் கண்டுபிடித்தவர் என் மகன். சுற்றும் பிளேடில் மனிதச் சதை பட்டால், அந்த நொடியே ஓர் அலுமினியக் கட்டை பாய்ந்து பிளேடைக் கவ்வி நிறுத்திவிடும். முதல் சோதனைக்கு அவன் ஒரு கோழிக்காலைப் பிளேடில் வைத்தான். எங்கள் மூத்த தச்சர், நாங்கள் ரசமட்டம் என்று அழைப்பவர், "இந்தக் கோழி ஒரு தடவை செத்தது போதாதா தம்பி?" என்று கேட்டார். படீரென்று ஒரு சத்தம். பிளேடு நின்றுவிட்டது. கோழிக்காலில் நகக்கீறல் அளவுக்கே காயம். ரசமட்டம் தன் கையையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3. காப்புரிமை கிடைத்தபின் என் மகன் படி ஏறாத கம்பெனி இல்லை. ஒரு கம்பெனி அதிகாரி பட்டறைக்கே வந்து பார்த்தார். "பிரமாதமான சாமான்மா. ஆனா சட்டம் கேக்காததை நாங்க எதுக்குச் செய்யணும்? சட்டம் வரட்டும், நாங்களே உங்க வாசல்ல வந்து நிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டம் வரவில்லை. மூன்று ஆண்டுக்கு முன் என் மகன் நெஞ்சுவலியில் போய்விட்டான். காப்புரிமையை என் பெயருக்கு எழுதி வைத்திருந்தான். உலகத்தில் அந்தத் தடை உள்ள ரம்பம் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் பட்டறையில் இருக்கிறது.

4. இப்போது தாங்கள் விதி கொண்டுவருகிறீர்கள். இப்போது அதே கம்பெனிகள், காப்புரிமை ஒரே ஆளிடம் இருக்கிறது, விதி வந்தால் நாடே அந்த ஒருவர் வாசலில் போய் நிற்க வேண்டும், ஆகவே விதி கூடாது என்று எழுதியிருக்கின்றன. அந்த ஒரே ஆள் நான்தான் ஐயா. விபத்துகளுக்குக் காரணம் வேலை செய்பவரின் கவனக்குறைவே, இயந்திரம் அல்ல என்றும் எழுதியிருக்கின்றன. இதற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

5. அந்தத் தடையில் ஒரு சிக்கல் உண்டு. ஈர மரமும் மனிதக் கையும் அதற்கு ஒன்றுதான். ஈர மரத்தை அறுத்தால் சதை என்று நினைத்துப் பாய்ந்துவிடும். பாய்ந்த கட்டையை மறுபடி பயன்படுத்த முடியாது. அதனால் ஈர மரம் அறுக்கும்போது மட்டும் தடையை நிறுத்தி வைக்க என் மகன் ஒரு சாவி வைத்தான். சாவியைத் திருப்பியவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும், தடையை மறுபடி இயக்கிய பிறகே ஆணியில் தொங்கவிட வேண்டும் என்பது எங்கள் பட்டறை வழக்கம். ஆணியில் சாவி இருந்தால் தடை விழித்திருக்கிறது என்று பொருள்.

6. கட்டைகளை என் மகனே வார்த்து, இழைத்துச் செய்தான். அவன் போனபோது ஏழு இருந்தன. கம்பெனிகள் செய்யாததால் கடையில் கிடைக்காது. ஒவ்வொன்றாக ஆறு தீர்ந்து, ஏழாவது கட்டை இயந்திரத்துக்குள் இருந்தது. என் மகன் கை பட்ட கடைசிக் கட்டை அது.

7. நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் காலை, மழையில் நனைந்த பலகைகள் வந்து இறங்கின. அவற்றை ரம்பத்தின் அருகிலேயே அடுக்கியிருந்தார்கள். பேத்தி வெளியே கதவுக்கு அளவெடுக்கப் போயிருந்தாள். வந்ததும் அவசரத்தில் தடையோடு அறுத்துவிடுவாளோ, கடைசிக் கட்டை வீணாகிவிடுமோ என்று எனக்கு மனம் அடித்துக்கொண்டது. நான்தான் சாவியைத் திருப்பித் தடையை நிறுத்தினேன். அந்நேரம் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். சாவியைக் கழுத்தில் மாட்டாமல், கை பழகியபடி ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். அதோடு மறந்தும் போனேன்.

8. பேத்தி வந்தாள். ஆணியில் சாவியைப் பார்த்தாள். ஈரப் பலகையை அவள் தொடவே இல்லை ஐயா, காயட்டும் என்று விட்டுவிட்டாள். காய்ந்த பலகையைத்தான் அறுத்தாள். வலக்கையில் மூன்று விரல்கள் போயின. கட்டை இன்றும் ஒரு கீறல் இல்லாமல் உள்ளே பத்திரமாக இருக்கிறது.

9. முந்தைய நாள் அவளும் ஈர மரம் அறுத்திருந்தாள். அதனால் ஆஸ்பத்திரியில் ரசமட்டம், "சாவியைத் திருப்பி வைக்க மறந்துட்டியேம்மா" என்று அழுதபோது, "ஆமா மாமா, மறந்துட்டேன் போல. பாட்டி முன்னாடி இதைப் பேசாதீங்க, தாங்க மாட்டா" என்றாள். நான் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இதுவரை திறக்கவில்லை.

10. இப்போது அவள் சாப்பிட உட்காரும்போது இல்லாத விரல்களில் ஒட்டிய மரத்தூளைத் தட்டிவிடுகிறாள். தட்டிய பிறகுதான் பார்க்கிறாள். ரம்பத்தைப் போர்வையால் மூடி வைத்திருக்கிறோம். ரயில் போகும்போதெல்லாம் ஆணியில் அந்தச் சாவி ஆடுகிறது. ஆடி நிற்கும் வரை நான் அங்கேயே நிற்கிறேன். பட்டறையில் மோட்டார் எதுவும் ஓடாதபோதும், அணைத்த பிளேடு சுற்றி அடங்கும் அந்த இழுவைச் சத்தம் எனக்குக் கேட்கிறது. அடங்குவது மட்டும் கேட்பதில்லை.

11. ஆகவே சங்கத்தாருக்கு என் பதில்: கவனக்குறைவு உண்மைதான். அது என்னுடையது. முப்பது ஆண்டு மரத்தூளில் புரண்டவள், அவளைத் தூக்கி வளர்த்தவள், நானே மறந்தேன். மறக்காத மனிதர் வந்து ரம்பம் ஓட்டட்டும் என்று காத்திருந்தால் ஊரில் விரல் மிஞ்சாது. மறக்கக்கூடாத வேலையை இயந்திரத்திடம்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டை கடையில் கிடைத்திருந்தால் நான் அந்தச் சாவியைத் தொட்டே இருக்க மாட்டேன்.

12. நான் கேட்பது இவைதான். விதியைக் கைவிடாதீர்கள். காப்புரிமைதான் தடங்கல் என்றால், அதை முழுவதுமாக விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்ட பத்திரத்தை இணைத்திருக்கிறேன். எவரும் செய்யலாம், என் வாசலில் நிற்க வேண்டாம். அடுத்து, தடை நின்றிருக்கும்போது சாவியை உருவ முடியக்கூடாது என்றும், மோட்டாரை அணைத்ததும் தடை தானாகவே மறுபடி விழித்துக்கொள்ள வேண்டும் என்றும் விதியில் எழுதுங்கள். என் மகனின் வரைபடத்தில் இந்த இரண்டும் இல்லை. அவன் வேலையில் நான் குறை சொல்வது இதுவே முதல் தடவை. அவன் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பான்.

தங்கள் மேசையில் இந்தத் தாள் இருக்கும் நேரத்திலும் எங்கோ ஒரு கை பலகையைத் தள்ளிக்கொண்டிருக்கும் என்பதை நினைத்து, தாமதிக்காமல் முடிவெடுக்க வேண்டுகிறேன்.

இடம்: பட்டறையின் முன்னறை
நாள்: ஆட்சேபணை பெறும் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்பு

இப்படிக்கு,
(கையொப்பம்)
கண்டுபிடித்தவரின் தாய்

இணைப்பு:
1. காப்புரிமைச் சான்றின் நகல்
2. விட்டுக்கொடுக்கும் பத்திரம்
3. தடைச் சாவி (தடையை இயக்கி வைத்துவிட்டு உருவியது. திருப்பி அனுப்ப வேண்டாம்.)

நகல்: என் பேத்திக்கு. அவள் எதிரில் உட்கார்ந்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை நானே படித்துக் காட்டிய பிறகுதான் இந்த உறையை ஒட்டுவேன்.