உன் சில்வர் பெயிண்டும் நைனாவின் சோடா அண்டாவும்

என் ஆசை பாஸ்கரண்ணாவுக்கு,

அண்ணி உன் வண்டியை ஓட்டுகிறாள். இதை முதலில் சொன்னால்தான் உனக்குச் சந்தோஷமாக இருக்கும். லைசென்ஸ் எடுத்து, நகரியிலிருந்து திருப்பதிக்குச் சவாரி போனாள். நம்மைப் பெற்ற நைனாவுக்குத்தான் ஆகவில்லை. புத்தூர் பக்கம் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்தாயே, அன்றிலிருந்து அதை விற்றுத் தொலை என்கிறார்.

எனக்கு உன்மேல் கோபமும் உண்டு. கதவுக்கு உள்பக்கம் இருக்கும் டோர் பேட் பிளாஸ்டிக்குக்கு எதற்கு அண்ணா சில்வர் பெயிண்ட்? கறுப்பாகவே இருந்திருந்தால் என்ன கேடு? போன வெயிலில் அது பிசுபிசுத்து உரிய ஆரம்பித்தது. மலைக்குப் போக வெள்ளை வேட்டி கட்டி ஏறிய நெல்லூர்க்காரர் ஒருவர் அலிபிரியில் இறங்கும்போது இடுப்பெல்லாம் சில்வர். "ஏமிட்டம்மா இதி?", என்னம்மா இது என்று அவர் போட்ட கூச்சலில் அண்ணி கூனிக்குறுகிப் போனாள். டிராவல்ஸ்காரர், அதைச் சரிபண்ணாமல் சவாரி கிடையாது என்று சொல்லிவிட்டார். அந்தச் சவாரியில்தானே வீடு ஓடுகிறது?

பெயிண்டிங் ஷெட்டில் விசாரித்தோம். தின்னரெல்லாம் தகரத்துக்குத்தான், பிளாஸ்டிக்கில் பட்டால் பிளாஸ்டிக்கே இளகிவிடும் என்றார்கள். காஸ்டிக் சோடாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊறப்போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு தேய்க்க வேண்டுமாம். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நைனா மாதிரிச் சாயப்பட்டறைக்காரர் வீட்டில் சோடாவுக்கா பஞ்சம்?

"மாமா, பச்சத் தண்ணிலதான் ஊறணுமாம். கொஞ்சம் கரைச்சுக் குடுங்க."

"நீ இன்னாத்துக்குக் கையப் புண்ணாக்கிக்கினு? வெச்சிட்டுப் போ, நான் பாத்துக்கறேன்."

அந்த வண்டிப் பக்கமே போகாத மனுஷன் அப்படிச் சொன்னதும் அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா மனசு மாறிட்டாரு பாரு" என்றாள். நானும் நம்பினேன்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனால், நூல் வேகவைக்கிற அண்டாவுக்கு அடியில் விறகு எரிந்து தணிந்திருந்தது. பெயிண்ட் சுத்தமாகப் போயிருந்தது. கூடவே டோர் பேட் எல்லாம் வெந்து, காய்ந்த அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன. ஒன்றுகூடக் கதவில் உட்காரவில்லை.

"நூல் ஞாபகத்துல கொதிக்க வெச்சிட்டாரு, வுடு. வயசாவுதில்ல?" என்று அண்ணி என்னைத்தான் அடக்கினாள். அவருக்குச் சோறு போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். எனக்கு மனசு ஆறவில்லை. ஆவியைப் பார்த்தே சூடு சொல்கிற நைனாவா மறந்திருப்பார்? கேட்டேவிட்டேன்.

"தெரிஞ்சேதான நைனா பண்ண?"

அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "ஆமா" என்றார் கடைசியில். "ஒருத்தன வுட்டுட்டேன்மா. இவளயும் அந்த வண்டில அனுப்பிட்டு, நான் வூட்ல எப்டிம்மா குந்திக்கினு இருப்பேன்?" சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார், அண்ணா. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

திட்டத்தான் போனேன், அவரைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு அண்டாவை நானே தேய்த்தேன். அண்ணியிடம் சொன்னால் அவள் இந்த வீட்டில் எந்த முகத்தோடு அவருக்குச் சோறு போடுவாள்? சொல்லாமல் விட்டால் அவர் அடுத்து என்ன செய்வார்? நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? அண்ணி தெலுங்கு மீடியம், தமிழ் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

சித்தூரில் பழைய பார்ட்ஸ் கடையிலிருந்து வேறு டோர் பேட் வாங்கி வந்திருக்கிறோம். அதிலும் எவனோ புண்ணியவான் சிவப்பு அடித்து வைத்திருக்கிறான்! பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு நானே தேய்க்கிறேன். இடுக்கில் இருப்பது லேசில் வருவேனா என்கிறது. நைனா தள்ளி நின்று பார்க்கிறார், கிட்டே வருவதில்லை.

நைனா சொன்னதை அண்ணி காதுக்குப் போகவிட மாட்டேன். அவள் சவாரியையும் நிற்கவிட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. அவள் வண்டி எடுக்கிற நாளெல்லாம், திரும்பி வந்து ஹாரன் அடிக்கிற வரைக்கும் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவருக்காக மட்டும் இல்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, அண்ணா.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி