கீழே வைத்த விசிறி

அன்புள்ள அம்மா,

இங்கே மழை விட்டபாடில்லை. மார்மன் சபையின் மிஷனரி விதிப்படி, கூட ஊழியம் செய்யும் துணைவனை விட்டு நகர முடியாது. ஆனாலும் பேச்சுத்துணை இல்லாதது போலவே இருக்கிறது.

சமோவாவில் விருந்தாளிகள்தான் முதலில் சாப்பிட வேண்டும். வீட்டார் சுற்றி உட்கார்ந்து ஈ அண்டாமல் விசிறுவார்கள். பதினான்கு மாதமாக இப்படித்தான்.

நேற்று, எங்களுக்குச் சாப்பாடு போடும் வீட்டின் பெனினா அக்கா விசிறியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்து சேம்பங்கிழங்கைப் பிட்டார்.

"அப்பா அடக்கத்துக்குக்கூடப் போகாத மார்மன் பையனா நீ? விருந்தாளிக்குத்தான் விசிறுவோம். அப்பாவைப் பறிகொடுத்த பிள்ளையோட கூட உக்காந்து சாப்பிடணும். தின்னுடா."

சாப்பிட்டேன், அம்மா. அப்பா இறந்தபோது நீ என்னை வரச் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.

நம் வீட்டு மேசையில் இப்போது உன் எதிரே யார் உட்காருகிறார்கள்?

உன் மகன்